ஹிஞ்ச் மேலேயே கப்பிள்: எந்தப் பக்கம் சேர்ப்பது?

பீம் கணக்கு ஒன்று இரண்டு விடை தருகிறது. இடது முனை A ஃபிக்ஸட் (நகராது, திரும்பாது), 4 மீட்டரில் B உள் ஹிஞ்ச் (மொமென்ட், அதாவது திருப்புவிசை, கடத்தாத கீல்), அங்கிருந்து 3 மீட்டரில் C ரோலர் (செங்குத்தாக மட்டும் தாங்குவது). BC முழுக்க மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் சீரான பளு. படத்தில் B புள்ளி மேலேயே 12 கிலோநியூட்டன்-மீட்டர் வலஞ்சுழி கப்பிள் (தள்ளாமல் திருப்ப மட்டும் செய்யும் விசை ஜோடி).

ஹிஞ்சில் வெட்டி, கப்பிளை BC துண்டில் வைத்தால் C எதிர்விசை 19 கிலோநியூட்டன், A-யில் மொமென்ட் 44 கிலோநியூட்டன்-மீட்டர். AB துண்டில் வைத்தால் C 15, A-யில் 72. முழு பீமுக்கு A-யைச் சுற்றி மொமென்ட் எடுத்தும் பார்த்தாயிற்று. இரண்டுமே 177-க்கு 177 என்று கச்சிதமாகச் சமனாகின்றன. அதனால் அந்தச் சரிபார்ப்பு இங்கே உதவாது. புள்ளிப்பளு என்றால் எந்தப் பக்கம் வைத்தாலும் A, C எதிர்விசைகள் மாறாது, கப்பிள்தான் படுத்துகிறது.

B-க்குச் சற்று இடமா வலமா என்று படம் சொல்லாதபோது எந்தத் துண்டில் சேர்ப்பீர்கள், ஏன்?