சின்னக் கடல் தொட்டியில் கல் அடுக்கியவர்கள் சொல்லுங்கள்

உவர்நீர் (சென்னை):

கடல் தொட்டி (கடல்மீன் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) வைப்பவர்கள் மீனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கல்லை எப்படி அடுக்குவது என்று கேட்டால் மட்டும் "அது உங்க ரசனை சார்" என்று முடித்துவிடுவார்கள். இரண்டடித் தொட்டியில் ரசனைக்கு முன்னால், கை உள்ளே போகுமா, கண்ணாடி துடைக்கும் காந்தத் துடைப்பான் போகுமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

என் தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். ஏட்டுக் கணக்கில் 65 லிட்டர். கல்லும் மணலும் இடத்தைப் பிடித்தபின் ஐம்பது சொச்சம் லிட்டர்தான் தண்ணீர் நிற்கிறது. உப்புக்கும் மருந்துக்கும் அந்தக் கணக்கைத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு காலனுக்கு ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு கல் என்பது பழைய விதி. நம் கணக்கில் லிட்டருக்கு 120 முதல் 180 கிராம். துளை நிறைந்த லேசான கல் கிடைத்தால் அவ்வளவு தேவையில்லை. மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா கல்லில்தான் குடியிருக்கும்; அதற்கு வேண்டியது பரப்பு, எடை அல்ல. நான் வாங்கியது ட்ரை ராக், அதாவது உயிர் எதுவும் இல்லாத உலர்ந்த கல். அதில் பாக்டீரியா இருக்காது, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். ஆனால் ஈரம் இல்லாததால் தரையில் வைத்து நிதானமாக அடுக்கலாம். ஆரம்பிக்கிறவருக்கு இதைவிட வசதி கிடையாது.

பழைய அட்டைப்பெட்டியைத் தொட்டியின் அடிப்பாகம் அளவுக்கு வெட்டி, நான்கு பக்கமும் 5 செ.மீ. உள்ளே தள்ளிப் பென்சிலால் கோடு போட்டேன். கோட்டைத் தாண்டி எந்தக் கல்லும் வரக்கூடாது. 30 செ.மீ. அகலத்தில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து போனால் மிச்சம் 20தான். சிறு தொட்டியின் சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. சுவர் மாதிரி பின்கண்ணாடியில் சாய்த்து அடுக்கினால் முன்னால் இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் கல்லுக்குப் பின்னால் தண்ணீர் ஓடாது. மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அங்கே போய் மக்கும், எந்தக் குழாயும் எட்டாது. அதனால் இடது பக்கம் ஒரு பெரிய குன்று, வலது பக்கம் ஒரு சின்னது, நடுவில் வெறும் மணல் என்று வைத்தேன்.

அடிக்கல் நேராகக் கண்ணாடியில் உட்கார வேண்டும், மூன்று இடத்தில் ஊன்றி. ஊன்றியதும் மேலே கை வைத்து அழுத்தி ஆட்டிப் பாருங்கள். லேசாக "டக்" என்றால்கூடத் திருப்பி வையுங்கள். மணல் அப்புறம்தான். ஒட்டுவதற்கு, முதலில் சூப்பர் குளூ ஜெல், அதன்மேல் எபாக்சி (பிசைந்து உருட்டும் பசை) உருண்டை, மறுபடி ஜெல், பிறகு மேல் கல். எபாக்சி தனியாகக் கல்லைப் பிடிக்காது. இடையை நிரப்புவது அது, பிடித்துக்கொள்வது ஜெல்.

உயரத்தில் ஒரு விஷயம். மே மாதத்தில் சூட்டைத் தணிக்க ஃபேன் ஓடும் சின்னத் தொட்டியில் தண்ணீர் ஆவியாகி மளமளவென்று இறங்கும். குன்றின் உச்சி மூன்றில் இரண்டு பங்கு உயரத்தோடு நின்றால் போதும். மேலே வைக்கும் பவளம் வளரவும் இடம் வேண்டுமே. (இறங்கிய மட்டத்துக்கு ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. உப்பு ஆவியாவதில்லை.)

நெய்தல் (கோவை):

"மணல் அப்புறம்தான்" என்றதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கலாம். என் நண்பர் மணலை அழகாகப் பரப்பிவிட்டு அதன்மேல் கல்லை வைத்திருந்தார். பிறகு ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீனையும் பிஸ்டல் இறாலையும் விட்டார். அந்த ஜோடியைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? இறால் மணலில் தோண்டும் வளையில் இரண்டும் சேர்ந்தே குடியிருக்கும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஒரு மீசையை எப்போதும் மீனின் உடம்பில் தொட்டபடியே வைத்திருக்கும். மீன் வாலைச் சிலிர்த்தால் ஒரே பாய்ச்சலில் உள்ளே. மற்ற நேரமெல்லாம் இரண்டு கொடுக்கையும் சேர்த்து மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் கொட்டும், திரும்பிப் போகும், மறுபடி தள்ளும். சலிக்கவே சலிக்காது. ராத்திரியோடு ராத்திரியாக மேல்கல் சரிந்து முன்கண்ணாடியில் சாய்ந்து நின்றது. கண்ணாடி உடையாதது அவர் அதிர்ஷ்டம்.

என் தொட்டியிலும் அதே ஜோடி இருக்கிறது. கல் அடித்தரையில் ஊன்றியிருப்பதால் எவ்வளவு தோண்டினாலும் ஒன்றும் ஆகவில்லை. வாசலை மட்டும் வாரத்துக்கொரு பக்கமாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

எஞ்சினியர் கோபி என்று குட்டியாக விற்கும் மீனை இரண்டடித் தொட்டிக்கு வாங்காதீர்கள். ஒரு அடிக்கு மேல் வளரும், தோண்டுவதே அதன் பிழைப்பு.

முத்துக்குளி (தூத்துக்குடி):

இங்கே வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கரையில ஒதுங்கிக் கிடக்கிற கல்லைக் கொண்டு போகலாமா அண்ணே?" கூடாது தம்பி. பாறைப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, 2001-இல் சேர்த்தார்கள். செத்த துண்டை வைத்திருந்தாலும் வம்புதான். மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று படிப்போம். அதில் இரண்டு இன்று தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்த கணக்கு அது. காசு கொடுத்து ட்ரை ராக் வாங்குங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

அலைபாயுதே_சிங்கை (சிங்கப்பூர்):

இங்கே கடையில் லைவ் ராக் (கடலுயிர்கள் ஒட்டியபடியே வரும் ஈரக் கல்) கிடைக்கும் என்பதால் என் கதை கொஞ்சம் வேறு. கல்லோடு இலவசமாக யார் யார் வருவார்கள் என்று தெரியாது. பிரிசில் புழு (உடம்பெல்லாம் குத்தும் மயிர் உள்ள புழு) வந்தால் விட்டுவிடலாம், குப்பையைத் தின்னும், வெறும் கையால் தொடாமல் இருந்தால் போதும். அய்ப்டாசியா (களை மாதிரி பரவும் கடல் சாமந்தி) வந்தால் பிய்க்காதீர்கள், துண்டுக்குத் துண்டு முளைக்கும்.

எனக்கு வந்தது மேன்டிஸ் இறால், நத்தையை அடித்து நொறுக்கித் தின்னும் ஆள். விளக்கை அணைத்ததும் "டிக்… டிக்" சத்தம். பிஸ்டல் இறாலும் இப்படித்தான் சத்தம் போடும் என்பதால் முதலில் யாரும் நம்பவில்லை. வித்தியாசம் நத்தை ஓட்டில் தெரிந்தது: விளிம்பெல்லாம் நொறுங்கிக் காலியாகக் கிடந்தன. கற்களை எல்லாம் ஒட்டி ஒரே குன்றாக்கியிருந்தால் தொட்டியையே கலைக்க வேண்டியிருந்திருக்கும். இரண்டு தனித்தனிக் குவியல் என்பதால் சந்தேகப்பட்ட ஒரு கல்லை மட்டும் தூக்கி, வாளிக்கு மேல் பிடித்து, பொந்துக்குள் சோடாத் தண்ணீர் ஊற்றினேன். ஓரிரு நிமிடத்தில் பச்சையாக ஒருவர் வாளிக்குள் விழுந்தார். கையை மட்டும் பொந்துக்குள் விட்டுவிடாதீர்கள், கட்டைவிரலைக் கிழித்துவிடும்.

இன்னொன்று, இது விளையாட்டு இல்லை. வேண்டாத உயிர்களைக் கொல்லக் கல்லைக் கொதிக்க வைக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கல்லில் பாலிதோவா பாலிப்புகள் (பவளத்துக்கு உறவான சிறு உயிர்கள்) இருந்தால் அவற்றின் பாலிடாக்சின் நஞ்சு சூட்டில் அழியாது, ஆவியோடு கலந்து மூச்சில் போகும். வெளிநாடுகளில் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் இருக்கிறார்கள். சுரண்டிக் கழுவுவதென்றாலும் கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

நெய்தல் (கோவை):

சிமென்ட்டில் கல் செய்வது பற்றி யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போர்ட்லேண்ட் சிமென்ட்டோடு உடைத்த சிப்பியும் கல்லுப்பும் கலந்து வார்க்கலாம். உப்பு கரைந்து துளை விழும். ஆனால் புது சிமென்ட் தண்ணீரின் pH (காரத்தன்மை) அளவை 12 வரை ஏற்றிவிடும். நல்ல தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, மாற்றி மாற்றி ஊற்றி, அளவு எட்டரைக்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கிறதா என்று பார்த்தபிறகே தொட்டிக்குள் போடுங்கள்.

உவர்நீர் (சென்னை):

அந்தக் கல் எடை எப்படி இருக்கிறது நெய்தல்? நான் தூக்கிப் பார்த்தவை எல்லாம் அம்மிக்கல் கனம், துளையும் குறைவு. கீழே அடிக்கல்லாக வைக்க மட்டும் சிமென்ட், மேலே ட்ரை ராக் என்று கலந்தால் செலவு குறையும் என்று தோன்றுகிறது.