கல்லடி மணல் வளவுக்கு போகன்விலாவா, அடினியமா? அடினியத்தின்ர அடி வேற மெதுத்துப் போகுது

கல்லடி வளவு:
வணக்கம். எங்கட வீடு மட்டக்களப்பு கல்லடியில, கடலுக்குக் கிட்ட. வளவு முழுக்க வெறும் மணல். கிணத்துத் தண்ணி மாரியில நல்லா இரிக்கும், ஆனி ஆடி வந்தா சவர்க்கும். கச்சான் எண்ட வரண்ட காத்து தொடங்கினா சொல்லத் தேவையில்ல, விடிய ஊத்தின தண்ணி மத்தியானம் மண்ணில இல்ல. முன் மதிலோரத்துக்கு வரட்சி தாங்குற பூமரம் வெக்க ஆசை. காலையில இருந்து பின்நேரம் வரைக்கும் வெயில் விழுற இடம். போகன்விலா (காகிதப்பூ), இல்லாட்டி அடினியம் (பாலைவன ரோஜா) எண்டு நினைச்சு, பாத்துப் பழகுறதுக்காக ரெண்டையும் இப்ப சாடியில வெச்சிருக்கன்.

ரெண்டுலயும் கரைச்சல். மார்கழி மழைக்குப் பிறகு அடினியத்தின்ர இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிட்டு. அடிக்கிழங்கில ஒரு பக்கத்தை அமத்தினா விரல் உள்ள போகுது. போகன்விலா மதிலுக்கு மேல பச்சையா வளந்திட்டு, பூ ஒண்டும் இல்ல. அடினியத்தைக் காப்பாத்த ஏலுமா? மதிலோரத்துக்கு எது சரி? வீட்டில தவழுற பிள்ளை ஒண்டும் இரிக்கி, அதையும் யோசிச்சுச் சொல்லுங்க.

செங்கலடித் தம்பி:
அக்கா, இலை கொட்டினதுக்குப் பயப்பட வேணாம், மழைக்கும் குளிருக்கும் அது கொட்டும். அடி மெதுத்ததுதான் கவலை. தண்ணி காணாம மெதுத்தா தோல் சுருங்கி, கிழங்கு முழுக்க ஒரே மாதிரித் தளந்திருக்கும். அழுகலெண்டா ஒரு பக்கம் மட்டும் குழையும், மணக்கும். நகத்தால ஒருக்காக் கீறிப் பாத்துச் சொல்லுங்க. மண்ணுக்குள்ள என்ன போட்டிருக்கு? கீழ தட்டு இரிக்கா?

கல்லடி வளவு:
கீறினன் தம்பி. கபிலத் தண்ணி வருது, புளிச்ச மணம். மண் வாங்கின இடத்திலயே போட்டுத் தந்தது, கறுப்பு மண்ணும் தும்புத்தூளும். கீழ தட்டு இரிக்கி, மழைக்கு அது நிறைஞ்சு நிண்டது. போகன்விலாவுக்குக் கிழமைக்கொருக்கா யூரியா போடச் சொல்லித் தந்தாங்க, போட்டு வாறன். தண்ணி ரெண்டுக்கும் ஒவ்வொரு நாளும்.

நாவற்குடாப் பூமரம்:
தங்கச்சி, அது அழுகல்தான். இண்டைக்கே கழட்டுங்க, நாளைக்கெண்டு விடாதீங்க. ஆனா முதல்ல கையுறை போடுங்க, பிள்ளையை உள்ள விடுங்க. அடினியம் அலரிக் குடும்பம், பால் நஞ்சு. ஆபிரிக்காவில இந்தப் பாலை அம்பு முனையில பூசி வேட்டையாடினவங்க.

சாடியில இருந்து எடுத்து வேரைக் கழுவுங்க. நல்ல வேர் வெள்ளையா, இறுக்கமா இரிக்கும். அழுகின வேர் இழுத்தா தோல் கையோட வரும், உள் நரம்பு மட்டும் நூலாத் தொங்கும். அதெல்லாம் வெட்டுங்க. கூரான கத்தியை ஸ்பிரிட்டால துடைச்சு, குழைஞ்ச இடத்தைச் சீவுங்க. ஒவ்வொரு சீவலுக்கும் திரும்பத் துடைக்கணும், இல்லாட்டி அழுகலை நாமளே நல்ல சதையில பூசுற மாதிரி. வெட்டு முகம் முழுக்க வெள்ளையாகி, பால் சொட்டுற வரைக்கும் நிப்பாட்டக் கூடாது. நடுவில கபிலப் புள்ளி ஒண்டு மிஞ்சினாலும் அது திரும்ப ஏறும். கிழங்கின்ர பாதி போனாலும் பரவாயில்ல, மிச்சப் பாதி பிழைக்கும்.

பிறகு வெட்டின இடத்தில பங்கசுநாசினி இல்லாட்டி கறுவாத்தூள் தடவி, நிழலில காத்துப்படத் தலைகீழாக் கட்டித் தொங்க விடுங்க. வெட்டு காஞ்சு பொருக்குத் தட்டணும், அதுக்கு ஒரு கிழமைக்கு மேல எடுக்கும். மண்ணில்லாம இத்தனை நாளா எண்டு பதற வேணாம், கிழங்குக்குள்ள தண்ணி இரிக்கி. திரும்ப வெக்கேக்க ஆத்து மணல், செங்கல் சல்லி, உமிக்கரி, கொஞ்சம் மக்கின மாட்டெரு. உமிக்கு எங்கட ஊரில பஞ்சமா? கடல் மணல் மட்டும் வேணாம், உப்பு. தட்டைத் தூக்கி எறிங்க. குருத்து அசையுற வரைக்கும் தண்ணி காட்டாதீங்க.

நடுப்பகுதி முழுக்கப் போயிட்டெண்டா, நல்ல கொப்பை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பால் காஞ்ச பிறகு மணலில நடலாம். வேர் பிடிக்கும், பூக்கும். விதையில வந்த கண்டு மாதிரி அடி கொழுத்து வாறது கஷ்டம்.

காத்தான்குடிக் காக்கா:
தங்கச்சி, நான் ஓமானில சலாலாப் பக்கம் வேலை செஞ்சவன். அங்க இந்த அடினியம் மலைச் சரிவில, பாறை வெடிப்புக்குள்ள தானா நிக்கும். இலையே இல்லாத கட்டையில ரோஸ் நிறப் பூ. பாத்தா ஆசையா இரிக்கும். கையை உள்ள விட்டா மண் எண்டு ஒரு பிடிதான் வரும், மழை விழுந்தா அந்த நேரமே வழிஞ்சு ஓடிரும். அந்த மரத்தைக் கொண்டுவந்து எங்கட ஊர் மாரிக்குள்ள வெச்சா என்ன செய்யும்? இஞ்ச வருச மழையில பெரும் பங்கு ஐப்பசியில இருந்து தை வரைக்கும் கொட்டித் தீக்குது. கச்சானைத் தாங்குற மரத்தை மட்டும் தேடினாக் காணாது, மாரியையும் தாங்கணும். அதிலதான் போகன்விலா முன்னுக்கு நிக்குது. அது பிரேசில் மரம். மழைக்காலமும் வரட்சியும் ரெண்டும் கண்டது.

பூக்காததுக்குக் காரணம் யூரியாதான். யூரியாவும் தினசரித் தண்ணியும் குடுத்தா அது ஏன் பூக்கப் போகுது? இலையும் கொடியும் எறிஞ்சுகொண்டே இரிக்கும். யூரியாவை நிப்பாட்டுங்க. மழை விட்ட உடனே, இந்தத் தை மாசியிலயே, நீளக் கொடியெல்லாம் வெட்டிக் கட்டையாக்குங்க. புதுக் குருத்தின்ர நுனியிலதான் பூ வரும். இலை லேசாத் தொங்கும் வரைக்கும் தண்ணி விடாம இரிந்து, பிறகு நிறைய ஒருக்கா விடுங்க. திரும்பக் காய விடுங்க. வெயிலும் காய்ச்சலும் சேந்தாத்தான் அது நிறம் காட்டும்.

நெல்லுக்குப் போடுற எம்ஓபியைப் பூவுக்கு நல்லதெண்டு சிலர் சொல்லுவாங்க. சவர்த்தண்ணி ஊத்துற வளவுக்கு வேணாம். அது பொட்டாசியம் குளோரைட், அதுவும் ஒரு உப்புத்தான்.

கல்லடி வளவு:
மிச்சம் நன்றி காக்கா. சவர்த்தண்ணியை எது கூடத் தாங்கும்? சாடி விளிம்பில வெள்ளையாப் படிஞ்சிருக்கு.

நாவற்குடாப் பூமரம்:
அந்த வெள்ளைதான் உப்பு. சாடியில தண்ணி ஆவியாப் போகும், உப்பு போக வழியில்ல, கோடை முழுக்கக் கூடிக்கொண்டே போகும். நிலத்தில நிக்கிற மரத்துக்கு மாரி மழை வந்து கழுவிக் குடுத்திரும். அதனால மதிலோரத்துக்கு போகன்விலாவை நிலத்திலயே வைங்க. அடினியம் சாடியிலதான் இரிக்கணும், அதுக்குக் குழாய்த்தண்ணி இல்லாட்டி பிடிச்சு வெச்ச மழைத்தண்ணி. மாதத்துக்கொருக்கா நல்ல தண்ணியைக் கீழ வழிஞ்சு ஓடுற அளவுக்கு விட்டுக் கழுவிவிடுங்க.

போகன்விலாவுக்குக் குழியை ஆழமா வெட்டி, அடியில தேங்காய்ப் பொச்சை அடுக்கி, மேல மக்கின எருவும் மண்ணும். மணலில ஈரம் நிக்க அதை விட்டா வேற வழியில்ல. சாடியில இருந்து எடுக்கேக்க வேர்க்கட்டியை உதிர விடாதீங்க, அதின்ர வேர் மெல்லிசு, அறுந்தா மரம் முழுக்க வாடும். வரட்சி தாங்கும் எண்டு முதல் வருசமே கைவிட ஏலாது. முதல் கச்சானுக்கு கட்டாயம் தண்ணி வேணும்.

திருக்கோவில் மாமி:
மகள், ரெண்டு விசயம் விட்டுப்போச்சு. போகன்விலா முள்ளு பொல்லாதது, தெருப்பக்கம் கொப்பு நீட்ட விடாம வெட்டணும். தவழுற பிள்ளைக்கு முள்ளும் ஆகாது, அடினியப் பாலும் ஆகாது. அடினியத்தை மதில் தூணுக்கு மேல ஏத்துங்க, வெயிலும் கிடைக்கும்.

மற்றது, அடினியம் திரும்பத் துளிர்த்தா இலைக்கு அடியில பாருங்க. விரல் மொத்தத்தில பச்சை மயிர்க்கொட்டி மாதிரி ஒண்டு வரும், மயிர் இருக்காது, தலைப்பக்கம் நீலக் கண் ரெண்டு வரைஞ்ச மாதிரி. அலரி, நந்தியாவட்டையிலயும் இதே புழுதான். ஒரு ராவில மரத்தை மொட்டையாக்கும். மருந்து வேணாம், ஒண்டு ரெண்டுதான் இரிக்கும், பிடிச்சு எடுத்தாப் போதும். கீழ மொத்தக் கறுப்பு எச்சம் கிடந்தா மேல அது இரிக்கெண்டு அர்த்தம்.

கல்லடி வளவு:
வெட்டிப் பாத்தன். ஒரு பக்கம் நல்ல வெள்ளை, பால் வந்தது. மற்றப் பக்கம் அரைவாசிக்கு மேல போச்சு. கறுவாத்தூள் தடவி, பின் தாழ்வாரத்தில கட்டித் தொங்குது. போகன்விலாவுக்குக் குழி வெட்ட நாளைக்கு ஆள் வருது. அடுத்த மாரிக்கு அடினியத்தை எங்க வைக்கட்டும்?

நாவற்குடாப் பூமரம்:
ஐப்பசி பிறக்க முந்தியே தாழ்வாரத்துக்குள்ள எடுங்க. ஓட்டுத் தண்ணி விழுற விளிம்பில இல்ல, உள்ளுக்கு, ஆனா காலை வெயில் எட்டுற இடம். தை முடியும் வரைக்கும் தண்ணி ஊத்தவே தேவையில்ல, கிழங்கு சுருங்கினா மட்டும் ஒரு கோப்பை.