கொரிய மொழிப் பரீட்சைக்கு எந்த ஆப் நல்லது? கேட்டல் பகுதியில் ஒன்றும் பிடிபடவில்லை

களுவாஞ்சிகுடி தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். கொரியா வேலைக்கான இ.பி.எஸ். டொபிக் பரீட்சை எழுத இருக்கிறேன். வயது 24. பகலில் ஹாட்வெயார் கடையில் வேலை, இரவு ஒன்பதுக்கு மேல்தான் படிக்க நேரம். மட்டக்களப்பு டவுனுக்கு வகுப்புக்குப் போய்வர வசதியில்லை. அதனால் போனில் ஒரு இலவச ஆப் போட்டு நாலு மாதம் ஒரு நாளும் விடாமல் செய்தேன். ஆப்பில் எல்லாம் சரியாக வருகிறது. போன கிழமை மாதிரி வினாத்தாள் ஒன்று செய்து பார்த்தேன். வாசிப்பில் 20க்கு 11, கேட்டலில் 20க்கு 4. இரவு முழுக்க நித்திரை இல்லை.

ஆப்பில் விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில். அதைத் தமிழாக்கி விளங்கிக்கொள்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. தமிழில் சொல்லித்தரும் நல்ல ஆப் இருக்கிறதா? காசு கட்டவும் தயார்.

கல்லடி அக்கா:
தம்பி, ஆப்பை மாற்றுவதற்கு முன் இரண்டு கேள்வி. ஆப் கேள்வி கேட்கும்போது சொல் திரையில் தெரிகிறதா, சத்தம் மட்டும் வருகிறதா? கொப்பியில் கொரியச் சொற்களை எந்த எழுத்தில் எழுதுகிறீர்கள்?

களுவாஞ்சிகுடி தம்பி:
சொல் தெரியும் அக்கா, பார்த்துத் தொட்டால் சரி. கொப்பியில் எல்லாம் தமிழில்தான். 300 சொல்லுக்கு மேல் இருக்கிறது.

கல்லடி அக்கா:
கோளாறு அங்கேதான். கொரிய மொழியில் நெருப்புக்கு ஒரு சொல், புல்லுக்கு ஒரு சொல், கொம்புக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் மூன்றும் 'புல்' என்றுதான் வரும். (புல்லுக்கு அவர்களும் புல் என்றே சொல்வது எனக்கு எப்போதும் சந்தோஷம்.) ஆனால் முதலாவது மெதுவாக வரும், இரண்டாவதில் காற்று வெடித்து வெளியே வரும், மூன்றாவது இறுகி வரும். நமக்கு இருப்பது ஒரே 'ப'. நாலு மாதமாக மூன்றையும் ஒரே எழுத்தில் எழுதியதால் காதும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து மூன்றையும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் மட்டும் கையில் காற்று நன்றாகப் படும்.

அந்தக் கொப்பியை மூடிவையுங்கள். இனிக் கொரிய எழுத்திலேயே எழுதுங்கள். அதில் அடிப்படை எழுத்து 24தான். அந்த எழுத்துமுறை கொரியாவின் செஜோங் மன்னர் 1443இல் உருவாக்கியது, சாதாரண சனம் படிக்கவென்றே செய்தது. நமது 247ஐப் படித்தவருக்கு ஒரு கிழமை போதும்.

இன்னொன்று, எழுதுவது போலவே சொல்வதில்லை. நன்றி சொல்லும் சொல்லை 'கம்சஹப்நிதா' என்று எழுதுவார்கள், வாயில் 'கம்சஹம்நிதா' என்று வரும். நாம் உள்+நாக்கு உண்ணாக்கு என்று படித்த புணர்ச்சி மாதிரித்தான்.

அக்கரைப்பற்று நானா:
நான் அங்கே 4 வருடம் 10 மாதம் வேலை செய்து வந்தவன். கல்லடித் தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. நான் ஆப் பற்றிச் சொல்கிறேன்.

இந்தப் பரீட்சைக்கென்றே கொரிய அரசாங்கத்தின் மனிதவள நிறுவனம் பாடப்புத்தகம் போட்டிருக்கிறது. இரண்டு பாகம், 60 பாடம், ஒலிப்பதிவோடு இலவசமாக இறக்கலாம். எந்த ஆப் என்றாலும் அந்தச் சொற்கள் அதில் வராவிட்டால் பரீட்சைக்கு உதவாது. விளையாட்டு மாதிரி இருக்கும் ஆப்களில் ஆப்பிளும் பூனையும் வரும். பரீட்சையில் சுத்தியலும் பாதுகாப்புத் தொப்பியும் வரும். வாசிப்பு 100, கேட்டல் 100, மொத்தம் 200 புள்ளி. கூடிய புள்ளிக்காரரைத்தான் முதலில் எடுப்பார்கள், அதனால் 'பாஸ் ஆனால் போதும்' என்று படிக்க வேண்டாம்.

காசு கட்ட வேண்டாம். அங்கி (Anki) என்ற ஆப்பைப் போடுங்கள், அண்ட்ராய்டில் இலவசம். ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை என்று நாமே செய்து படிக்கும் ஆப் அது. அட்டையின் முன்பக்கம் சத்தம் மட்டும், பின்பக்கம் படம் அல்லது தமிழ்க் கருத்து. முன்பக்கம் எழுத்தே வைக்காதீர்கள். பிழைவிட்ட அட்டையை அது கெதியாகத் திரும்பக் காட்டும், தெரிந்ததைத் தள்ளி வைக்கும்.

ஆங்கிலம் வழியாகப் போவதையும் விடுங்கள். 'நானுன் கொங்ஜாங்எ கயோ': நான் தொழிற்சாலைக்குப் போகிறேன். 'எ' நமது 'கு'. வினை கடைசியில். சொல்லுக்குச் சொல் தமிழ்தான்! ஆங்கிலத்துக்குள் போனால் வசனத்தைக் கவிழ்த்துப் பிறகு நிமிர்த்த வேண்டும்.

காத்தான்குடி மாணவி:
ஐபோன் என்றால் அங்கிக்குக் காசு, பார்த்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவை வைபை உள்ள இடத்தில் மொத்தமாக இறக்கி வைத்தால் டேட்டா மிச்சம்.

களுவாஞ்சிகுடி தம்பி (ஆறு கிழமைக்குப் பிறகு):
நானா, அக்கா, மிகவும் நன்றி. எழுத்து எட்டு நாளில் பிடிபட்டது. இப்போது 27ஆம் பாடம். நேற்று கேட்டலில் 20க்கு 10. தீயும் புல்லும் தனித்தனியாகக் கேட்கிறது. கொம்பு இன்னும் தடுமாறுகிறது. பிழைத்தவற்றில் பாதிக்கு மேல் நேரமும் விலையும். எண் வந்தாலே மனம் நின்றுவிடுகிறது.

அக்கரைப்பற்று நானா:
எல்லோரும் வழுக்குகிற இடம் அது. அவர்களுக்கு எண்ணில் இரண்டு வரிசை. மணிக்குச் சொந்த எண், நிமிடத்துக்குச் சீன வழி வந்த எண். மூன்று முப்பது என்றால் 'செ சி, சம்சிப் புன்'. மணியில் வரும் மூன்றும் முப்பதில் வரும் மூன்றும் வேறு வேறு சொல், கவனித்தீர்களா? பொருளை எண்ணுவது சொந்த எண்ணில், விலை மற்றதில். உங்களுக்குக் கடையே வகுப்பு தம்பி. நட்டு எண்ணும்போது ஹானா, துல், செத், நெத். பில் போடும்போது இல், இ, சம், ச. ஒரு கிழமை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்து எழுதுங்கள்.