‘செட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் ஒன்று உண்டா?

கேள்வி: வீரவநல்லூர் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, இந்த ஆண்டு பதினோராம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறியிருக்கிறாள். பாடத்தைப் புரிந்துகொள்ளும் திறன் அவளுக்கு உண்டு. ஆனால், நீளமான கலைச்சொற்களைவிடச் சின்னஞ்சிறு சொற்களே அவளை அதிகமாகத் தடுமாற வைக்கின்றன.

சென்ற வாரம் ஓர் இரவு, புத்தகங்களையெல்லாம் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, ‘செட்’ என்ற சொல் வந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டிருந்தாள். கணக்குப் பாடத்தில் அதற்குக் ‘கணம்’ என்று பொருள் என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே படித்திருக்கிறாள். அதையே மனத்தில் கொண்டு, பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) தண்ணீர் சேர்ந்ததும் ‘செட்’ ஆகிறது என்ற வரிக்கு நேராகக் ‘கணமாகிறது’ என்று எழுதி, பிறகு அதை அடித்திருந்தாள். ஆங்கிலப் பாடத்தில் சூரியனும் ‘செட்’ ஆகிறது, மோதிரத்தில் கல்லும் ‘செட்’ செய்யப்படுகிறது, ஒருவர் பயணத்துக்குப் புறப்படுவதும் ‘செட் அவுட்’ என்று வருகிறது. இறந்தகாலத்தில் ‘செட்டட்’ என்று எழுதியதற்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்தது. காரணம் கேட்டபோது, மனப்பாடம் செய்துகொள் என்ற பதிலே அவளுக்குக் கிடைத்தது.

அகராதியைப் புரட்டினால் பக்கக்கணக்கில் பொருள் போட்டிருக்கிறது. அத்தனையையும் மனப்பாடம் செய்வது யாருக்கும் இயலாது. இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே பொருள் இருக்கிறதா, இருந்தால் அதைத் தமிழில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: அம்பாசமுத்திரம் ஆசிரியர் (பணி நிறைவு)

தங்கச்சி, உங்கள் மகள் ‘கணமாகிறது’ என்று எழுதியதைத் தவறு என்று மட்டும் பார்க்காதீர்கள். தெரிந்த பொருளைக் கொண்டு தெரியாத இடத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். படிக்கிற பிள்ளை அப்படித்தான் செய்யும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அகராதி மிரட்டுகிறது என்று நீங்கள் சொல்வது உண்மை. 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்தச் சொல்லுக்கு 430 பொருள்கள் கொடுக்கப்பட்டிருந்தன. பின்னர் அதே அகராதியைத் திருத்தியபோது, ‘ரன்’ என்ற வினைச்சொல் மட்டும் 645 பொருள்களுடன் அதை முந்திவிட்டது. இந்த எண்ணிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ‘செட்’ என்பது உண்மையில் ஒரு சொல் அன்று. வெவ்வேறு வழியில் வந்து ஒரே ஒலியில் கலந்துவிட்ட இரண்டு சொற்கள்.

முதலாவது, பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கும் வினைச்சொல். ‘சிட்’ என்றால் அமர்தல் என்பது உங்கள் மகளுக்குத் தெரியும். அதன் பிறவினைதான் ‘செட்’. அதாவது, அமரச் செய்தல். தன்வினை, பிறவினை என்று தமிழ் இலக்கணத்தில் அவள் படித்ததை இங்கே நினைவூட்டுங்கள். திருந்து என்பது திருத்து என்றும், அடங்கு என்பது அடக்கு என்றும் ஆவதுபோல, ஆங்கிலத்தில் உயிரொலி மாறிப் பிறவினை பிறந்த காலம் ஒன்று இருந்தது. ‘ஃபால்’ என்றால் விழுதல், ‘ஃபெல்’ என்றால் மரத்தை வீழ்த்துதல். ‘லை’ என்றால் கிடத்தல், ‘லே’ என்றால் கிடத்துதல். (நம் மாவட்டத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், தமிழில் மெய்யெழுத்து வலித்தும் இரட்டித்தும் பிறவினை உண்டாவதை விளக்கியிருக்கிறார்.) இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால், மோதிரத்தில் கல்லை இருத்துவதும், கடிகாரத்தில் மணியை வைப்பதும், திருமணத்துக்கு நாள் குறிப்பதும், முறிந்த எலும்பைப் பொருத்துவதும் ஒரே செயலாகத் தெரியும். ஒன்றை அதற்குரிய இடத்தில் அமர்த்துகிறோம், அவ்வளவுதான். தமிழ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை வைத்திருக்கிறது. ஆங்கிலம் ஒரே வினையை எல்லா இடத்துக்கும் அனுப்புகிறது.

தமிழிலும் இதற்கு நேரான சொல் நம் வீட்டிலேயே புழங்குகிறது. அமர் என்பதன் பிறவினை அமர்த்து. ஆளை வேலைக்கு அமர்த்துகிறோம், ஊருக்குப் போக வண்டி அமர்த்துகிறோம். இரவில் படுக்கப் போகும்போது ‘லைட்டை அமத்து’ என்று நம் பக்கத்தில் சொல்கிறோமே, அதுவும் இதே சொல்தான். எரிந்துகொண்டிருந்த விளக்கு அமர்ந்துவிடுகிறது. சூரியன் ‘செட்’ ஆவதையும் அப்படியே எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள்: நாளெல்லாம் உயரத்தில் இருந்தது இறங்கிப் போய் அமர்கிறது. பொழுது அடைந்தது என்று நாம் சொல்வதற்கும் அதற்கும் அதிகத் தொலைவு இல்லை.

இரண்டாவது ‘செட்’, குழு என்னும் பொருள் தருவது. அது, ஒருவரைப் பின்பற்றுவோரின் கூட்டம் என்னும் பொருளுடைய ‘செக்டா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்ற சொல்லும் அதன் உடன்பிறப்பே. ஒரே ஒலி என்பதால், காலப்போக்கில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டன. போர் என்று பொருள்படும் அமரும், உட்கார் என்று பொருள்படும் அமரும் தமிழில் ஒரே எழுத்துகளில் நிற்பதை நாம் குழப்பமில்லாமல் ஏற்றுக்கொள்கிறோம் அல்லவா?

இறந்தகாலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய ஆங்கிலத்தில் இதன் இறந்தகால வடிவம் ‘செட்டெ’ என்பது. சொல்லின் இறுதியிலேயே ‘ட்’ என்னும் ஒலி இருந்ததால் இறந்தகால விகுதி அதனோடு ஒன்றிவிட்டது. பிற்காலத்தில் கடைசி உயிரும் தேய்ந்துபோக, மூன்று காலத்துக்கும் ஒரே வடிவம் மிஞ்சியது. புட், கட், ஹிட், ஷட், ஹர்ட் என்று அதே ஒலியில் முடியும் சொற்கள் பலவும் இவ்வாறே மாறாமல் நிற்பதைக் காட்டுங்கள். காரணம் தெரிந்த பிறகு அந்தப் பிழை அவளுக்கு மறுபடி வராது.

பதில்: தாழையூத்துக் கட்டட மேற்பார்வையாளர்

ஆசிரியர் அண்ணாச்சி விளக்கியதோடு, பாரிஸ் சாந்து பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். ‘கான்கிரீட் செட் ஆயிட்டா?’ என்ற கேள்வியைத் தினமும் கேட்டுப் பழகியவன் நான். பலர் அதைக் காய்ந்துவிட்டதா என்று புரிந்துகொள்கிறார்கள். அது முற்றிலும் தவறான புரிதல். காய்தல் என்றால் தண்ணீர் வெளியேற வேண்டும். சிமெண்ட்டிலும் பாரிஸ் சாந்திலும் நடப்பது அதற்கு நேர் எதிரானது. அவை தண்ணீரைத் தமக்குள் வாங்கிக்கொண்டு இறுகுகின்றன. ஜிப்சத்தைச் சூடாக்கி, அதிலுள்ள நீரின் பெரும்பகுதியை வெளியேற்றினால் கிடைப்பது பாரிஸ் சாந்து. நாம் தண்ணீர் ஊற்றும்போது, இழந்த நீரைத் திரும்பப் பெற்று அது மறுபடியும் ஜிப்சமாகிறது. ஆகவே, அந்த வரிக்கு உங்கள் மகள் ‘இறுகுகிறது’ என்று எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் தொழிலில் இந்தச் சொல்லுக்கு அளவே உண்டு. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்டின் தொடக்க இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன் நேரக்கூடாது. இறுதி இறுக்கம் 600 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. முதல் அளவு, கலவையைக் கொண்டுபோய்க் கொட்டிப் பரப்பக் கொத்தனாருக்குக் கிடைக்கும் அவகாசம். அந்த அவகாசத்துக்காகவே சிமெண்ட் ஆலையில் சிறிதளவு ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். இல்லாவிட்டால் தட்டிலேயே இறுகிப்போகும். இறுகுவது வேறு, வலுப்பெறுவது வேறு என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். மாலையில் போட்ட தளத்தின்மேல் மறுநாள் காலையில் கட்டைவிரலை அழுத்தினால் தடம் விழாது. ஆனால் அதனிடம் எதிர்பார்க்கும் முழு வலிமையை 28-ஆம் நாள் சோதித்துத்தான் முடிவு செய்கிறோம். அதுவரை ‘செட்’ ஆனது என்று சொல்லலாமே தவிர, வலுவாகிவிட்டது என்று சொல்லக்கூடாது.

பதில்: பேட்டை கணித ஆசிரியை

கணிதத்தில் வரும் ‘செட்’ பற்றி ஓர் எச்சரிக்கை. கடையில் வாங்கும் ஒரு செட் பாத்திரத்தில் ஒன்று குறைந்தாலும் செட் முழுமையாகவில்லை என்கிறோம். கணத்தில் அந்தக் கருத்தே கிடையாது. உறுப்பே இல்லாத வெற்றுக்கணமும் கணம்தான். 2, 3, 5 என்று எழுதினாலும் 5, 2, 3 என்று வரிசை மாற்றி எழுதினாலும் அது ஒரே கணம். எது உள்ளே, எது வெளியே என்பது ஐயமில்லாமல் வரையறுக்கப்பட்டிருந்தால் போதும். இன்னொன்று, மூன்று சுழி ‘ண’ போட்டு எழுதப் பழக்குங்கள், அம்மா. ‘கனம்’ என்று எழுதிவிட்டு எடையையும் கன அளவையும் இதனோடு குழப்பிக்கொள்ளும் விடைத்தாள்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பதில்: கல்லிடைக்குறிச்சி வாசகர்

எங்கள் தாத்தா தச்சர். அவர் வாளை அரத்தால் தீட்டிய பிறகு, பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இடப்பக்கமும் வலப்பக்கமும் மிக நுட்பமாக வளைத்து, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அப்படி வளைத்தால்தான் அறுக்கும் தடம் வாளின் கனத்தைவிட அகலமாக விழும். வளைக்காவிட்டால் வாள் மரத்துக்குள் சிக்கிக்கொள்ளும். அந்த வளைவுக்கும் ஆங்கிலத்தில் ‘செட்’ என்றே பெயர் என்பதைக் கல்லூரியில் படிக்கும்போது அறிந்து வியந்தேன். ஆசிரியர் ஐயா சொன்ன இருத்துதல் இங்கேயும் பொருந்துகிறது. ஒவ்வொரு பல்லையும் அதன் நிலையில் இருத்துவதுதானே அது.

நாம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போன தூரத்தையும் குறிப்பிட வேண்டும். மோட்டாரும் பம்பும் சேர்ந்த இணை என்பதால் பம்புசெட் என்று பெயர் வந்தது. ஆனால், பம்புசெட்டில் குளித்தேன் என்று நாம் சொல்லும்போது, அறையும் தொட்டியும் கொட்டுகிற தண்ணீரும் சேர்ந்து ஓர் இடத்தின் பெயராகவே அது ஆகிவிடுகிறது. கோயில் கொடைக்கு எந்த மேள செட் என்று கேட்பதும், அந்த வேலை எனக்கு செட் ஆகாது என்பதும் நம் பேச்சில் வேரூன்றியவை. இவற்றில் கடைசியாகச் சொன்னதை அப்படியே ஆங்கில விடைத்தாளில் எழுதிவிடக்கூடாது என்பதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். பொருந்தாது என்னும் அந்தப் பொருளில் ஆங்கிலத்தார் இதை ஆள்வதில்லை.

வீரவநல்லூர் தாய்

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். வட்டமிட்ட ஒவ்வோர் இடத்துக்கும் மேலே, அமர்த்துதல், அமர்தல், குழு என்ற மூன்றில் ஒன்றை எழுதிப் பார்த்து, அதன் பிறகு அந்த இடத்துக்குரிய தமிழ் வினையைப் போட்டாள். பாரிஸ் சாந்துக்கு ‘இறுகுகிறது’ என்று எழுதிவிட்டாள். ஒரே ஓர் இடம் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை: பருவமழை ‘செட் இன்’ ஆகிறது என்று ஒரு பாடத்தில் வருகிறது. தொடங்குகிறது என்று எழுதினால் போதுமா என்று கேட்கச் சொன்னாள்.

அம்பாசமுத்திரம் ஆசிரியர் (பணி நிறைவு)

தொடங்குகிறது என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், ஆனால் பொருள் முழுவதும் வந்துவிடாது. வந்தது உடனே போய்விடாமல் உள்ளே வந்து அமர்ந்துகொண்டது என்பதே அந்தத் தொடர் சொல்வது. பெரும்பாலும் நீடித்து நிற்பவற்றுக்கே அது வரும்: குளிர், நோய், சோர்வு போன்றவை. ஐப்பசியில் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் பெய்தால், மழை பிடித்துக்கொண்டது என்று சொல்வோமே, அதையே எழுதச் சொல்லுங்கள்.