புதுப்பிப்பு: வெயிலில் நழுவும் பிருடை

கிருஷ்ணகிரி வெயிலில் என் வகுப்புப் பிள்ளைகளின் வயலின் பிருடை (தந்தியை முறுக்கும் மரத்திருகு) நிற்கவே மாட்டேங்குது, சுருதி சேர்த்த கையோடு இறங்கிவிடுகிறது, என்ன செய்யலாம் என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

வறண்ட காற்றில் மரம் சுருங்குவதால்தான் பிருடை பிடிப்பை விடுகிறது. சாக்பீஸை லேசாகத் தேய்த்து, திருகும்போதே உள்பக்கம் அழுத்தச் சொன்னீர்கள். பெரும்பாலான வயலின்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஒரு பையனுடையதில் மட்டும் துளையே தேய்ந்து கோணலாகிவிட்டது. அதற்குப் புதுப் பிருடைதான்.

வகுப்பை விடியற்காலைக்கு மாற்றியது பெரிய நிம்மதி. பாடம் தொடங்கும் ராகமான மாயாமாளவகௌளையில் காந்தாரமும் மத்யமமும் (க, ம ஸ்வரங்கள்) ஒட்டி நிற்கும். வியர்த்த விரல் அந்த இடத்தில்தான் வழுக்கும். இப்போது சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சி இரண்டாம் காலத்திலும் (இரட்டை வேகத்திலும்) சுத்தமாகப் பேசுகிறது. கேட்கவே அவ்வளவு சந்தோஷம்!

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மாங்காய் மண்டியில் வேலை இருக்கிறதென்று வயலினைப் பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள். பலகைகளை ஒட்டியிருப்பது வச்சிரம் என்ற விலங்குப் பசை. சூட்டில் இளகினால் மேல்பலகை வாய் பிளந்துவிடும். வாசித்து முடித்ததும் வில்லையும் தளர்த்தி வையுங்கள். வறட்சியில் வில்லின் மயிர் சுருங்கும், முறுக்கியே வைத்திருந்தால் குச்சி வளைந்துவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிருடை கடைந்து பொருத்தித் தருபவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அந்தப் பையன் கையில் வயலினைக் கொடுத்துவிட வேண்டும்.