தோட்டா எந்த நிலையில் நிற்கிறது? பிஸ்டல் ஜாம்: அனுபவப் பகிர்வு

கோவை, 25 மீட்டர் ஸ்போர்ட் பிஸ்டல்

பாயிண்ட் டூ டூ (.22) பிஸ்டல் சுடுகிற எல்லோருக்கும் ஜாம், அதாவது தோட்டா மாட்டித் துப்பாக்கி நின்றுபோவது, ஒரு தடவையாவது வந்திருக்கும். வந்ததும் என்ன செய்கிறோம்? ஸ்லைடை (துப்பாக்கியின் மேல்பக்கம் முன்னும்பின்னும் ஓடும் பகுதியை) பின்னால் இழுத்து, மாட்டிய தோட்டாவைக் கீழே தட்டிவிட்டு, அடுத்த சீரிஸுக்குப் போய்விடுகிறோம். தயவுசெய்து அந்த அவசரம் வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தோட்டா எப்படி மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் நமக்கு இருக்கிற சாட்சி. இழுத்துவிட்டால் அது போய்விட்டது. துப்பாக்கி வாயை இலக்குப் பக்கமே வைத்து, விரலை ட்ரிக்கரிலிருந்து எடுத்துவிட்டு, முதலில் பாருங்கள்.

ரேபிட் (வேகச் சுடுதல்) பயிற்சியில் இலக்கு 3 விநாடி முகம் காட்டும், 7 விநாடி திரும்பி நிற்கும். அந்த 3 விநாடிக்குள் கையை உயர்த்தி ஒரு குண்டு சுட வேண்டும். எனக்கு அதில் அடிக்கடி, நடுவில் ஒரு தோட்டா ஏறாமல் நின்றுவிடும். பார்த்தவர்கள் எல்லோரும் “துப்பாக்கியைச் சுத்தம் பண்ணும்மா” என்றார்கள். பண்ணினேன், ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் கோச் ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொரு மேகசினிலும் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெட்டி) வேறு வேறு நிற நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வை. ஜாம் ஆகும்போதெல்லாம் எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, அதன் மூக்கு மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று நோட்டில் எழுது. வேறு எதுவும் வேண்டாம் என்றார்.

சில நாளிலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது. எல்லா ஜாமும் சிவப்புப் புள்ளி மேகசினில்தான். தோட்டாவின் மூக்கு எப்போதும் மேலே தூக்கி, சேம்பரின் (தோட்டா போய் உட்காரும் குழியின்) மேல் விளிம்பில் இடித்து நின்றது. அந்த மேகசினையும் நல்ல மேகசினையும் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், மேலே தோட்டாவைப் பிடித்திருக்கும் இரண்டு உதடுகளில் ஒன்று லேசாக விரிந்திருந்தது. கண்ணுக்கு அரைகுறையாகத்தான் தெரியும் அளவு. உதடு விரிந்தால் போல்ட் (தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளி மூடும் பகுதி) முழுசாகத் தள்ளுவதற்குள்ளேயே தோட்டா விடுபட்டு மேலே எம்பிவிடும். சிமென்ட் தரையில் விழுந்த மேகசின்களுக்கு இது வழக்கம் என்றார் கோச். குறடு வைத்து வளைக்க அவர் விடவில்லை, வேறு மேகசின் வாங்கச் சொன்னார். அதோடு தொல்லை போனது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் பலர், பழுது தெரியாமல் நல்ல துப்பாக்கியையே மாற்றிவிடுகிறார்கள். அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கிளப் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஒருவர்

தங்கச்சி எழுதியது நூற்றுக்கு நூறு சரி. என்னிடம் வருகிறவர்கள் “ஜாம் ஆகுது சார்” என்று மட்டும்தான் சொல்வார்கள். சுட்ட கூடு (குண்டு போனபின் மிஞ்சும் உறை) வெளியே வராமல் நிற்பதும் ஜாம், புதுத் தோட்டா உள்ளே போகாததும் ஜாம், தோட்டா முக்கால்வாசி போய் போல்ட் மூடாமல் நிற்பதும் ஜாம். மூன்றுக்கும் மருந்து வேறு.

மூன்றாவது வகையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் தவறான முடிவு அதிகம். பாயிண்ட் டூ டூ தோட்டாவில் குண்டு ஈயம், மேலே மெழுகுப் பூச்சு. அந்த மெழுகும் புகைக்கரியும் சேர்ந்து சேம்பரில் வளையமாகப் படியும். அப்போது போல்ட் ஓரிரு மில்லிமீட்டர் மூடாமல் நிற்கும். ஆகவே எல்லோரும் அழுக்கு என்று சொல்லிவிடுகிறார்கள், பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் அழுக்குக்கு ஒரு குணம் உண்டு. சுத்தம் செய்ததும் போய்விடும், நிறையச் சுட்டபிறகு மெதுவாகத் திரும்பி வரும். பிரஷ் போட்டுத் துடைத்த அடுத்த நிமிடமே ஜாம் ஆனால், அது அழுக்கு இல்லை, உலோகம்.

எங்கள் கிளப் பிஸ்டல் ஒன்று அப்படித்தான் வந்தது. மேகசின் மாற்றியும் தீரவில்லை, தோட்டா பெட்டி மாற்றியும் தீரவில்லை. பேரலை (குழலை) கழற்றி, ஒரு தோட்டாவின் மேல் மார்க்கர் பேனாவால் சுற்றிலும் மை பூசி, சேம்பருக்குள் விரலால் மெல்ல வைத்து எடுத்தேன். ஒரே ஓர் இடத்தில் மை சுரண்டியிருந்தது. பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தால், ஃபயரிங் பின் (தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி) வந்து அடிக்கும் இடத்தில் சேம்பர் விளிம்பில் ஒரு பள்ளம். பள்ளமான உலோகம் உள்பக்கம் பிதுங்கி, தோட்டாவின் வழியை மறித்துக்கொண்டிருந்தது.

காரணம், தோட்டா இல்லாமல் ட்ரிக்கர் பழகியது. பாயிண்ட் டூ டூ தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடிவிளிம்புக்குள் இருக்கும். பின் அடிப்பதும் அந்த விளிம்பில்தான். உள்ளே எதுவும் இல்லாவிட்டால், சில பிஸ்டல்களில் அது நேரே சேம்பர் விளிம்பிலேயே போய் அடிக்கும். பெரும்பாலான மேட்ச் பிஸ்டல்களில் வெறும் பயிற்சிக்கு என்று தனி வசதி இருக்கிறது. இல்லாதவற்றில் பயிற்சிக்கான டம்மி (போலித் தோட்டா) ஒன்றைப் போட்டுப் பழகுங்கள். பிதுங்கிய உலோகத்தை அதற்கென்று உள்ள கூம்புக் கருவியால் பழைய இடத்துக்கே தள்ளிவிடலாம். அரத்தை மட்டும் எடுக்காதீர்கள், சுரண்டிய உலோகம் திரும்ப வராது. இந்த வேலை உரிமம் உள்ள கன்ஸ்மித்துடையது (துப்பாக்கி பழுது பார்ப்பவர்). 1959 ஆயுதச் சட்டத்தில் பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. மூடாத போல்ட்டை உள்ளங்கையால் அடித்து மூடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

டெக்சாஸ், 9 எம்எம்

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஞ்சுக்குப் போகிற தமிழர்கள் சிலர் இருக்கிறோம். மச்சினி புதிதாகக் கற்றுக்கொள்ள வந்தார். அவர் கையில் பிஸ்டல் அடிக்கடி நின்றது. சில நேரம் சுட்ட கூடு ஸ்லைடுக்கு நடுவில் புகைபோக்கி மாதிரி நிற்கும், சில நேரம் ஸ்லைடு அடுத்த தோட்டாவை எடுக்காமலேயே அதன் மேலே ஓடிவிடும். அதே பிஸ்டல், அதே மேகசின், அதே பெட்டித் தோட்டாவை நான் சுட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. அவர் சுடும்போது கூடுகள் தூரத் தெறிக்காமல் காலடியிலேயே விழுந்ததைக் கவனித்தேன். அப்போதுதான் புரிந்தது, ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போகவில்லை. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் பிடியுள்ள கீழ்ச்சட்டமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் நகர்ந்துவிடும். கட்டாத படகிலிருந்து கரைக்குத் தாவுகிற மாதிரிதான், உதைக்கிற வேகம் படகைத் தள்ளுவதிலேயே போய்விடும். பிடியைச் சரிசெய்ததும் துப்பாக்கி ஒழுங்காக ஓடியது. அதற்குள் ரேஞ்சில் இரண்டு பேர் ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டிலேயே தோட்டா தயாரிப்பவர்களுக்கு ஒரு சோதனை. இங்கே அது சட்டப்படி செய்யலாம். நண்பர் ஒருவர் செய்த தோட்டாக்கள் பாதி தூரம் போய் நின்றன. பேரலைக் கழற்றி, வாய் கீழே இருக்கும்படி பிடித்து, தோட்டாவைச் சேம்பருக்குள் போடச் சொன்னேன். நல்ல தோட்டா டக்கென்று இறங்கும், விரலால் சுற்றினால் சுற்றும், பேரலைக் கவிழ்த்தால் தானாக விழும். அவருடையது இறுகியது. காலிப்பரில் அளந்தால் கூட்டின் வாய், இருக்கக்கூடிய உச்ச அளவான 9.65 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. குண்டை வைக்க வாயை விரித்தவர் திரும்ப மூடாமல் விட்டிருந்தார். பிஸ்டல் மேல் ஒரு குறையும் இல்லை.

வால்பாறை பக்கம், பாயிண்ட் த்ரீ டூ

நம் நாட்டில் 9 எம்எம் தனியாருக்குப் பொதுவாகக் கிடையாது, லைசென்ஸ்காரர்களில் பலர் பாயிண்ட் த்ரீ டூதான் வைத்திருக்கிறோம். பிரௌனிங் 1899-இல் வடிவமைத்த தோட்டா. அதன் அடிவிளிம்பு உடலைவிட அரை மில்லிமீட்டர்தான் அகலம், ஆனால் அந்த அரை மில்லிமீட்டர் போதும் வம்புக்கு. மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் விழுந்தால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் மேல் தோட்டா நகராது.

எங்களுக்கு வாங்கும் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, விலையும் அதிகம். சுட்டுச் சுட்டுச் சோதிக்க முடியாது. அதனால் மேகசினைக் கழற்றிக் கையிலேயே பார்ப்பேன். மேல் தோட்டாவை விரலால் அழுத்தி, முன்பக்கம் மெல்லத் தள்ளினால் வழுக்கி வர வேண்டும். பிடித்து இழுத்தால் எல்லாவற்றையும் இறக்கி, மறுபடி ஒவ்வொன்றாக ஏற்றுவேன். நீளம் குறைந்த குண்டுகளில் இது அதிகம் வரும், உள்ளே முன்னும்பின்னும் ஆட இடம் இருப்பதால்.

ரேஞ்ச் ஆபீசர் ஒருவர்

போட்டியில் ஜாம் ஆனால் மேலே சொன்ன ஆராய்ச்சியெல்லாம் கூடாது. பிடியை விடாமல், வாயை இலக்குப் பக்கமே வைத்து, மறு கையை உயர்த்துங்கள். போல்ட்டையோ சேஃப்டியையோ தொட்டுவிட்டால் அது அனுமதிக்கப்படாத ஜாம் ஆகிவிடும், நியாயமான பழுதாக இருந்தாலும் மறுவாய்ப்புப் போய்விடும். மேகசினைச் சரியாகச் செருகாதது, தேவையான எண்ணிக்கைக்குக் குறைவாக ஏற்றியது, முந்தைய குண்டுக்குப் பிறகு ட்ரிக்கரை முழுசாக விடாதது, இவையும் உங்கள் கணக்கில்தான் சேரும். ஒரு நல்ல பெண் வேகமாக ஸ்லைடை இழுத்துவிட்டு, பிறகு அழுததைப் பார்த்திருக்கிறேன். பயிற்சியிலேயே கை உயர்த்திப் பழகுங்கள்.

சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும், கையும் போகலாம்.

சேலம், ஜூனியர் பிரிவு

சார், மேகசினுக்குள் எண்ணெய் விட்டால் தோட்டா சுலபமாக ஏறும் என்று ஒரு அண்ணா சொன்னார். விடலாமா?

கிளப் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஒருவர்

வேண்டாம் தம்பி. எண்ணெயும் மெழுகும் கரியும் சேர்ந்து பசையாகிவிடும், தோட்டாவை மேலே தள்ளும் தட்டு மெதுவாகும். ரேபிட்டில் போல்ட் திரும்பி வருவதற்குள் தோட்டா மேலே வரவில்லை என்றால், போல்ட் அதன் விலாவில் இடிக்கும். மாட்டிய தோட்டாவின் நடுவில் மடிப்பு மாதிரி நசுங்கல் தெரிந்தால் இதுதான் காரணமா என்று பார். மேகசினைக் கழற்றித் துடைத்து, உலர்ந்தபடியே மாட்டு. காலி மேகசினில் தட்டை விரலால் அடிவரை அழுத்தி விடு. தயங்காமல், சாயாமல் ஒரே சீராக மேலே வந்தால் நல்ல ஸ்பிரிங். நடுவில் நின்று வந்தால் எடுத்துக்கொண்டு கிளப்புக்கு வா, சேர்ந்தே பார்ப்போம்.