காட்பாடி – திருவண்ணாமலை ரயில் தடத்தில் காசு செலவில்லாமல் பயணிகள் கூட்டம் சேர்க்க: உங்கள் அனுபவங்கள்

மீட்டர்கேஜ் ஆசாமி:
உங்கள் ஊரில் வண்டி நிற்க வேண்டும் என்று மனு எழுதுவதற்கு முன்னால் ஸ்டேஷனின் விற்பனைக் கணக்கைக் கையில் வாங்குங்கள். தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். "எத்தனை பேர் ஏறுகிறார்கள்?" என்று கேட்டால் அப்படியொரு பதிவே இல்லை என்று பதில் வரும். கடைசி 12 மாதம், மாதவாரியாக விற்ற டிக்கெட், வருமானம், சீசன் டிக்கெட் தனியாக என்று கேளுங்கள். காட்பாடி ரயில்வேயின் சென்னைக் கோட்டம், வேலூர் கண்டோன்மென்ட் திருச்சிக் கோட்டம். மாற்றி அனுப்பினால் மனு அங்குமிங்கும் அலையும்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? சோதனை நிறுத்தம், அதாவது தற்காலிகமாக வண்டியை நிறுத்திப் பார்ப்பது, வழக்கமாக 6 மாதத்துக்குத்தான் கொடுப்பார்கள். நீட்டிப்பதா எடுப்பதா என்பதற்கு அந்த ஸ்டேஷன் விற்பனையைத்தான் பார்ப்பார்கள். கணியம்பாடிக்காரர் காட்பாடியிலேயே ரிட்டன் எடுத்தால் அந்தக் காசு காட்பாடி கணக்கில் ஏறும். வண்டி நிறைய ஆள் இருக்கும், காகிதத்தில் கணியம்பாடி காலி! கவுன்டர் திறந்திருந்தால் ஊரிலேயே டிக்கெட் எடுங்கள், சீசனையும் அங்கேயே போடுங்கள்.

கண்ணமங்கலம் சீசன்:
சார் சொன்னது சரி. ஆனால் கூட்டம் சிதறுவது காட்பாடியில்தான். ஒற்றைப் பாதை. வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடும் கிராசிங் ஸ்டேஷனில் எதிர்வண்டி தாமதித்தால் நம் வண்டியும் நிற்கும், காட்பாடியில் மாறிப் பிடிக்க வேண்டிய மெயின் லைன் வண்டி கண்ணெதிரே போய்விடும். ஒருமுறை விட்டவர் மறுநாள் பஸ்தான். நம் வண்டியைச் சில நிமிடம் முன்னதாகக் கிளப்புவதற்குப் புதுப் பெட்டியோ ஆளோ தேவையில்லை. இரண்டு கோட்டத்துக்கும் ஒரே மனுவை, இரு வண்டிகளின் எண்ணோடும் நேரத்தோடும் அனுப்புங்கள். "இணைப்பு வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் கோப்பு நகராது.

பாலாற்றங்கரை:
2024ல் சென்னை பீச் – வேலூர் மெமு என்ற மின்சாரப் பயணிகள் வண்டியைத் திருவண்ணாமலை வரை நீட்டியது நல்ல உதாரணம். கண்டோன்மென்டில் ராத்திரி சும்மா நின்ற வண்டிதான். குறை, போய்ச் சேர்வது நள்ளிரவு, திரும்புவது விடியுமுன். இறங்கியவருக்கு வெளியே ஷேர் ஆட்டோ இல்லையென்றால் அடுத்த தடவை வரமாட்டார். ஸ்டாண்டுக்காரர்களிடம் வண்டி நேரம் எழுதிய ஒரு தாள் கொடுத்தாலே போதும்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிற வங்காளத்துக்காரர்களில் பலருக்குக் காட்பாடி தவிர வேறு ஸ்டேஷன் தெரியாது. லாட்ஜ் வரவேற்பு மேசையில் வங்காளியில் ஒரு ஏ4 தாள்: கண்டோன்மென்ட், வண்டி நேரம், கட்டணம். சாதாரண வண்டியில் குறைந்தபட்சம் 10 ரூபாய்தான் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். நேர அட்டவணை மாறிய அன்றே பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். தப்பு நேரம் ஒட்டியிருப்பதைவிட ஒன்றும் இல்லாமலிருப்பது மேல்.

மீட்டர்கேஜ் ஆசாமி:
ஆரணி ரோடுக்கும் ஒரு தாள் போடுங்க. ஸ்டேஷன் இருப்பது களம்பூரில், ஆரணி டவுனில் இல்லை. வண்டி நேரத்துக்கு ஒத்துவரும் டவுன் பஸ் எண்ணையும் அதிலேயே எழுதினால்தான் பிரயோஜனம்.